பெட்டியைப் பார்த்து நாட்டைச் சொல்கிறவர்

பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லட்டும், தண்ணீர் கேன் போடுகிறவன் சொல்லட்டும், தெருவே கூடி நின்று சொல்லட்டும், என் தம்பி பொய்யன் இல்லை. பொய்யனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். என் தம்பிக்கு அந்த விவரம் கிடையாது. அவன் வேறு இனம். வாசற்படி தாண்டாமலே உலகத்து நாடுகள் அத்தனையையும் கரைத்துக் குடித்தவர்கள் என்று ஓர் இனம் உண்டே, அந்த இனத்துக்கு அவன் தலைமகன்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். முடிவெட்டும் கடையில் நாற்காலி காலியாவதற்குக் காத்திருக்கும்போது, "அந்த நாட்டுல ரோட்டுல துப்பினா ஜெயில் சார்" என்று சொல்லிவிட்டு, அப்படியே வாசல் பக்கம் திரும்பித் துப்புவார். மச்சினன் மகன் மூன்று நாள் போய்வந்த நாட்டைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசுவார். விமானம் மாறுவதற்காக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி எழுந்த ஊரை, "நான் இருந்த ஊரு" என்பார். இவர்கள் எல்லாம் சில்லறை. கேள்விப்பட்டுப் பேசுகிறவர்கள். என் தம்பி அப்படி இல்லை. அவன் கையில் ஆதாரம் இருக்கிறது. அவன் பெட்டி ரிப்பேர் செய்கிறவன்.

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் கடை. எழுந்து நின்றால் தலை இடிக்கும். சுவர் முழுக்க ஆணியடித்து, கழற்றிய சக்கரங்களும் கைப்பிடிகளும் பூட்டுகளும் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வெளிநாடு போய்வந்த பெட்டி ஒன்று வந்தால் அவன் அதை உடனே தொடமாட்டான். எந்த நாடு என்று கேட்பான். பிறகு அதைக் குப்புறப் போட்டு, வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல முதலில் சக்கரத்தைப் பார்ப்பான், சுற்றிப் பார்ப்பான், நகத்தால் சுரண்டி முகர்ந்தும் பார்ப்பான். அப்புறம் தீர்ப்பு.

"சக்கரம் இப்படித் தேஞ்சிருக்கே, அங்க ரோடெல்லாம் கருங்கல்லு. பஸ்ஸே கிடையாது. நடந்தே சாகிற ஜனங்க."

கைப்பிடி பிய்ந்து வந்ததா? கோபக்கார நாடு. ஜிப் பல்லிளித்து வந்ததா? அவசரக்கார நாடு, நின்று நிதானமாகச் சாப்பிடக்கூட நேரமில்லாதவர்கள். உள்துணியில் ஈரவாடை அடித்தால் அங்கே சூரியனே வராது. பூட்டு உடைந்திருந்தால் நாடே திருடர் கூட்டம். ஒன்றுமே உடையாமல் ஒரு பெட்டி வந்தால்? அது ஏன் இவன் கடைக்கு வருகிறது! ஆக, முழுசாக வந்த பெட்டியை அவன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. உலகத்தில் நல்ல நாடு என்று ஒன்றுமே இல்லை என்று அவன் முடிவு கட்டியதில் என்ன தப்பு?

ஒருமுறை ஒரு பெயின்டர் வந்தான். பஸ்ஸே கிடையாது என்று தம்பி தீர்ப்புச் சொன்ன அந்த நாட்டிலேயே பல வருஷமாக வேலை பார்க்கிறவன்.

"அண்ணே, அங்க பஸ் இருக்கு, ரயிலு இருக்கு. என் ரூம் வாசல்லயே பஸ் நிக்கும்ணே."

"நீ உள்ள இருக்கிறவன் தம்பி. உனக்குத் தெரியாது."

"நான்தான அங்க இருக்கேன்!"

"அதான் சொல்றேன். பானைக்குள்ள கிடக்கிற அரிசிக்குப் பானை என்ன கலருன்னு தெரியுமா? வெளிய நின்னு பாக்கிறவனுக்குத்தான் தெரியும்."

அந்தப் பையன் பெட்டியை வாங்கிக்கொண்டு, தான் இத்தனை வருஷம் எங்கே இருந்தோம் என்று யோசித்துக்கொண்டே போனான்.

இதெல்லாம் ஊரார் பெட்டியோடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தம்பி மகளைக் கட்டிக்கொடுத்த இடம் வெளிநாடாகப் போய்விட்டது. கல்யாணம் பேசும்போதே அவன் மாப்பிள்ளையிடம், "உங்க நாட்டுல பக்கத்து வீட்டுல செத்தாக்கூட எட்டிப் பாக்கமாட்டாங்களே, எப்படித்தான் இருக்கீங்களோ" என்று துக்கம் விசாரித்தவன். மாப்பிள்ளை பாவம், மரியாதைக்காரர். தலையை ஆட்டிவைத்தார்.

மகள் போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொரு போனும் ஒரு பட்டிமன்றம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், காது குளிரக் கேட்பேன்.

"அப்பா, இங்க வெயில் தாங்கலப்பா. நேத்து ஃபேன் வாங்கினோம்."

"ஃபேனா? அந்த நாட்டுல ஃபேனே கிடையாதும்மா."

"அது கீழ நின்னுக்கிட்டுத்தாம்பா பேசுறேன்."

"ஹீட்டரா இருக்கும். நல்லாப் பாரு."

"காத்து சில்லுன்னு வருதுப்பா!"

"அப்ப ஹீட்டர் கெட்டுப்போயிருக்கு. ஆளக் கூப்பிட்டுக் காட்டு."

கீழ்வீட்டு அம்மாள் தினமும் படியேறி வந்து விசாரிக்கிறாள் என்று மகள் சொன்னால், "ஏதோ காரியமாத்தான் வர்றா, பீரோவப் பூட்டி வை" என்பான். மழை பெய்கிறது என்றால், அந்த நாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் ஈரமே இல்லையே என்பான். அவளும் அவனுக்குப் பிறந்தவள்தானே, விடமாட்டாள். கடைசியில் இரண்டு பேரும் மூச்சு வாங்க, "சரி சாப்பிட்டியா" என்று சமாதானத்துக்கு வருவார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், விமான நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆள் ஒருவன் தன் பையைத் தைக்கக் கொண்டுவந்தான். தம்பி ஒரு பெட்டியைக் காட்டி, "பாரு, கைப்பிடிய எப்படிப் பிடுங்கி அனுப்பியிருக்கான். என்ன கோவம் அந்த நாட்டுக்காரனுக்கு!" என்றான்.

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். "அந்த நாட்டுக்காரன் இல்லண்ணே, நாங்கதான். எல்லாப் பெட்டியையும் ஒரே மாதிரிதான் வீசுவோம். அதுல எங்களுக்குப் பாரபட்சமே கிடையாது."

தம்பி குனிந்து பையைத் தைத்துக் கொடுத்தான். மறுநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து என்னிடம், "அக்கா, நம்ம ஆளுங்க வீசினதுக்கே பிஞ்சிடுதுன்னா, அந்த நாட்டுல சரக்கு எவ்வளவு மட்டமா இருக்கணும்!" என்றான். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிள்ளை தெளிந்துவிட்டான்.

ஆனால் முழுசாகத் தெளியவில்லை. அதற்குப் பிறகு பெட்டியை முகர்வதைக் குறைத்துக்கொண்டான். தீர்ப்புகளும் சின்னதாகிவிட்டன. அந்தச் சமயம் பார்த்துத்தான் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அவளுக்கு அம்மா இல்லை; என் தம்பி பெண்டாட்டி கண்ணை மூடி வெகுகாலம் ஆகிறது. சம்பந்தியம்மாள் படுத்த படுக்கை. மாப்பிள்ளைக்கு ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் ராத்திரி வேலை. எனக்கோ, கடைக்கு மேலே இருக்கிற மாடிக்கு ஏறவே முழங்கால் தவணை கேட்கிறது.

"அப்பா, நீங்க வாங்கப்பா" என்றாள் மகள். அன்றைக்கு அவள் சண்டை போடவில்லை. "எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். வலி வரும்போது வெளிய நம்ம ஆளு ஒருத்தர் உக்காந்திருந்தாப் போதும்."

தம்பி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். "எனக்கு அந்த நாடு ஒத்துக்காதும்மா. உனக்குத் தெரியாததா."

"வந்தாத்தானப்பா ஒத்துக்குதா இல்லையான்னு தெரியும்?"

"வராமலே தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கடைக்குப் போனவன், ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்கவுமில்லை மூடவுமில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தான். தையல்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? "போனா குட்டு வெளிப்பட்டுடும்னு உங்க தம்பி நடுங்குறாரு அக்கா" என்றாள், அவனுக்குக் கேட்கிற மாதிரியே. நான் விட்டேனா? "உன் ஊசிக்கு நூலக் கோர்த்துக்கிட்டு உன் வேலையப் பாருடி" என்றேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன. அவன் நாட்டுக்குப் பயப்படவில்லை. இத்தனை காலமாக உருட்டி உருட்டிச் சேர்த்த நாடு. கையில் இருக்கிறது அது ஒன்றுதான். போய் இறங்கினால் அது போய்விடும். அங்கே வேறொரு நாடு இருக்கும். யாருக்குத்தான் மனசு வரும், சொல்லுங்கள்?

அவனை அசைத்தது மகளின் அழுகையும் இல்லை, என் ஏச்சும் இல்லை. கீழ்வீட்டு அம்மாள்தான். இருந்த இடத்திலிருந்தே அவனைக் கிளப்பிய மகராசி!

ஒருநாள் கடையில் உட்கார்ந்து போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெள்ளைத் தலை, குண்டுக் கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அவள் என்னமோ சொல்ல, மகள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இது உங்களுக்காம். பாட்டில். எல்லாம் காலி பாட்டில். கழுவித் துடைச்சு வச்சிருக்காங்க."

"எனக்கெதுக்குக் காலி பாட்டிலு?"

மகள் தயங்கினாள். "நான் ஜாம் பாட்டில், காபி பாட்டில் எதையும் தூக்கிப் போடாம கழுவிக் கழுவி எடுத்து வைப்பேன்ல? அதப் பாத்திருக்காங்க. நம்ம நாட்டுல பாட்டிலே கிடைக்காதுன்னு நினைச்சுட்டாங்க. அவங்க தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி, சேத்து வச்சிருக்காங்கப்பா."

தம்பி முகம் சிவந்தது. அந்த அம்மாள் விடாமல் இன்னும் ஏதோ அன்பாகக் கேட்டாள்.

"என்னவாம்?"

"வேணாம்ப்பா."

"சொல்லு!"

"குளியலறையில நான் பக்கெட்டுல தண்ணி பிடிச்சு வைப்பேன்ல... உங்க ஊர்ல ஆறு எவ்வளவு தூரம், அப்பா இந்த வயசுலயும் தண்ணி தூக்குறாரான்னு கேக்குறாங்க."

அவ்வளவுதான். தம்பி எழுந்தான். மேலே மாடிப்படி இருப்பதை மறந்து எழுந்தான். இடித்த இடியில் சுவரில் தொங்கிய சக்கரமெல்லாம் சுற்றியது.

"என்னக்கா அநியாயம் இது! ஒரு தடவையாவது இங்க வந்து பாத்திருக்காளா அவ? ரெண்டு காலி பாட்டிலையும் ஒரு பக்கெட்டையும் வச்சு ஒரு நாட்டையே எடை போட்டுடறதா? கண்ணால பாக்காம இப்படியெல்லாம் பேச ஒரு மனுஷிக்கு எப்படி வாய் வரும்?"

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். எதிர்வீட்டில் தையல் மெஷின் நின்றுவிட்டது. போனில் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. கீழ்வீட்டு அம்மாள் ஒன்றும் புரியாமல், பாட்டில் கிடைத்த சந்தோஷத்தில் பெரியவர் கத்துகிறார் என்று நினைத்துக் கை தட்டினாள்.

"டிக்கெட்டு எடுக்கச் சொல்லு மாப்பிள்ளைய" என்றான் தம்பி. "நேர்ல வந்து சொல்றேன் அந்தம்மாவுக்கு. நம்ம வீட்டுக் குழாயப் படம் பிடிச்சு எடுத்துட்டு வரேன்."

ஆக, ஒரு நாட்டைப் பார்க்க ஊரெல்லாம் போகிறது; இவன் தன் நாட்டைக் காட்டப் புறப்பட்டான். எப்படியோ, வலி வரும்போது வெளியே உட்கார ஆள் கிடைத்துவிட்டது. வினைக்குப் போகிறானா விருந்துக்குப் போகிறானா என்று பிறக்கப்போகிற குழந்தை கேட்கவா போகிறது?

ஊரார் பெட்டியை எல்லாம் தைத்தவனுக்குச் சொந்தமாக ஒரு பெட்டி இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆணியில் தொங்கியதை எல்லாம் இறக்கி, ஒரு நாட்டுச் சக்கரம், இன்னொரு நாட்டுக் கைப்பிடி, மூன்றாவது நாட்டுப் பூட்டு என்று கூட்டி அவனே ஒன்றைச் செய்தான். உள்ளே கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் அவன் எடுத்த படங்கள்: எங்கள் குழாய், திறந்து தண்ணீர் கொட்டுகிறபடி, அடுப்படி அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில்கள், பாட்டில்களுக்குப் பக்கத்தில் நான், சாட்சிக்கு.

அவன் கிளம்பிய அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. பொய்யன் என்று சொன்ன அத்தனை பேரும்தான். வாடகைக் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது, ஒருவரும் அவனை ஏறவிடவில்லை.

"அண்ணே, அங்க யாரையும் பாத்துச் சிரிச்சிடாதீங்க, தப்பா எடுத்துக்குவாங்க" என்றாள் தையல்காரி.

"சிரிச்சுக்கிட்டே இருங்கண்ணே. சிரிக்கலன்னா போலீஸ் பிடிச்சிடும்" என்றான் தண்ணீர் கேன்காரன்.

கார் டிரைவர் கண்ணாடியை இறக்கி, "சார், அங்க ஹாரன் அடிச்சா அபராதம்" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற ஸ்கூட்டருக்கு நீளமாக ஒரு ஹாரன் அடித்தான்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அங்க பிறந்த பிள்ளைய ஐஸ் தண்ணியில முக்கி எடுப்பாங்களாம்டா. நீ குறுக்க நில்லு, விட்டுடாத!" என்றேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும்.

வழக்கமாக இருந்தால் அவன் எங்கள் எல்லோரையும் மடக்கி, ஆளுக்கொரு பதில் சொல்லி, காரையே அனுப்பிவிட்டு மறுநாள் கிளம்பியிருப்பான். அன்றைக்கு என்னமோ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கொதிக்கிற பட்டப்பகலில் மேல்கோட்டும் கழுத்துத் துண்டுமாக வேர்த்து நின்றவன், வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, அவன் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைச் சொன்னான்.

"எனக்குத் தெரியலக்கா. போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டான். என் தம்பி இப்படிப் பேசிவிட்டானே என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தையல்காரிக்கும் அப்படித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவ்வளவு நேரம் கேட்டுச் சிரித்தீர்கள், சரி. அந்த நாட்டைப் பற்றி உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்குமே? நாக்கு நுனியில் வந்து நிற்குமே? முழுங்காதீர்கள், ஆகாது. ஓடிப்போய்ச் சொல்லிவிடுங்கள், கார் இன்னும் தெருமுனை திரும்பவில்லை.