பெயர் முடிவாகும்வரை பூட்டியிருக்கும்

உலகம் தோன்றிய நாளிலிருந்து ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி கடவுளைக் கூப்பிட்டுவந்த ஒழுங்கீனத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கத் துணிந்தவர் என்று வரலாறு ஒருவரைச் சொல்லுமானால், அது அந்தப் பெரிய மருத்துவமனையின் நிர்வாக அதிகாரியைத்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வரலாற்றின் கவனக்குறைவு. அதிகாரியின் குறை அல்ல.

அவரை எல்லாரும் 'தீர்மானம்' என்றே அழைத்தார்கள். டீயா காபியா என்பதைக்கூட ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் அவர் குடித்ததில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு எதிரே, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, பெஞ்சுகள் போட்டு, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து வேண்டிக்கொள்வதற்காக நிர்வாகம் ஒதுக்கியது. எல்லா மதத்தாருக்கும் பொது. பெயிண்டர் பலகையின் வலது ஓரத்தில் 'அறை' என்று எழுதிவிட்டு, இடது பக்கம் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். அந்தச் சாதாரணக் கேள்வியில் பதுங்கியிருந்த பேராபத்தைத் தீர்மானம் ஒருவர்தான் கண்டுகொண்டார். அன்றே 'பெயர் ஆய்வுக் குழு' அமைந்தது.

குழு சும்மா இருக்கவில்லை. 'கடவுள்' என்று போடலாம் என்றார் ஒருவர். "எத்தனை பேர்னு தெளிவா இல்லையே," என்றார் கணக்கு அதிகாரி. 'ஆண்டவர்' என்றதும் தொழிற்சங்கச் செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். "ஆளுற வேலையெல்லாம் இங்க வேண்டாம் சார். அதுக்கு ஏற்கெனவே போதுமான பேர் இருக்காங்க." 'இறைவன்' ஆண்பால் என்று தலைமை நர்ஸ் ஒரே வரியில் அடித்துவிட்டார். 'எல்லாம் வல்லவர்' கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஆபரேஷன்ல ஏதாவது ஆச்சுன்னா, அவ்வளவு வல்லவரை வச்சுக்கிட்டு எப்படி ஆச்சுன்னு கேஸ் போடுவாங்க," என்றார். 'அமைதி' எல்லாருக்கும் பிணவறையை நினைவூட்டியது. 'மேலே இருப்பவர்' என்பதை மட்டும் டைரக்டர் எதிர்க்கவில்லை. அவருடைய அறை மேல் மாடியில் இருந்தது.

"அதுவரைக்கும் ரூமையாவது தொறந்து வைக்கலாமே சார்," என்றார் தலைமை நர்ஸ். "ஜனங்க நடைபாதையில நின்னு அழுதுக்கிட்டு இருக்காங்க."

"தொறந்தா யாராவது ஒரு பேரைச் சொல்லிக் கும்பிட்டுருவாங்கம்மா. அப்புறம் அதுவே முன்னுதாரணம் ஆயிடும்," என்றார் தீர்மானம்.

இந்தத் தொலைநோக்கு அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. 'பெயர் முடிவாகும்வரை பூட்டியிருக்கும்' என்ற அட்டை கதவில் தொங்கியது. சாவி தீர்மானத்தின் சட்டைப் பைக்குள் போனது.

இத்தகைய மகத்தான பணிக்கு நடுவே வீட்டில் ஒரு சில்லறைத் தொந்தரவு. அவருடைய மனைவிக்கு அடிக்கடி வயிற்றுவலி. அவள் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'என்னங்க' என்பாள். கூட்டம் நிறைந்த கல்யாண வீட்டில் சொன்னாலும் அது நேராக அவரிடம் வந்து சேரும்.

"என்னங்க, இன்னிக்கும் வலிக்குது."

"இரு, மீட்டிங்குக்கு நேரமாச்சு."

"என்னங்க, நாளைக்காவது டாக்டர்கிட்ட..."

"மீட்டிங் எல்லாம் முடியட்டும்."

பெயர் முடிவாகவில்லை, ஆகவே மீட்டிங்கும் முடியவில்லை. பித்தப்பையில் இருந்த கல்லுக்கு நிர்வாக நடைமுறை தெரியாது. ஒரு காலையில் அது அவளை அடுப்படியில் சுருண்டு விழவைத்தது.

அவருடைய மருத்துவமனையிலேயே சேர்த்து, பூட்டிய அந்த அறைக்கு எதிரே இருந்த தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். சின்ன ஆபரேஷன்தான், சீக்கிரம் முடிந்துவிடும் என்றார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. நர்ஸ் ஒருத்தி வெளியே ஓடி, ரத்தப் பைகளோடு திரும்பி ஓடினாள். நடைபாதையில் நின்றிருந்த மச்சினி கிட்டே வந்தாள்.

"அத்தான், அந்த ரூமைத் தொறங்க. கொஞ்ச நேரம் உட்காந்து கும்பிட்டுக்கறேன்."

"இன்னும் பேர் முடிவாகலைம்மா."

"யாரோட பேரு?"

"அதான் முடிவாகலை."

மச்சினி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா கூப்பிட்டப்போ ஒருதடவை திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா, இன்னிக்கு நான் வேற யாரையும் கூப்பிட வேண்டியிருந்திருக்காது," என்று சொல்லிவிட்டு நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

தீர்மானத்தின் கை சட்டைப் பையிலிருந்த சாவியைத் தேடியது. அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் இல்லாத வீட்டில் சட்டை எங்கே இருக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானே போட்ட பூட்டைத் திருடன்போலத் திறந்து உள்ளே நுழைந்தார்.

பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. கையைக் கூப்பி, "கடவு..." என்று ஆரம்பித்தார். எத்தனை பேர் என்று கணக்கு அதிகாரியின் குரல் கேட்டது. "ஆண்ட..." தொழிற்சங்கச் செயலாளர் எழுந்து நின்றார். "எல்லாம் வல்ல..." சட்ட ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்தார். ஒவ்வொரு பெயரும் ஆட்சேபணையோடுதான் வாய்க்கு வந்தது. இவ்வளவு முழுமையாக வேலை பார்த்த குழு வேறெங்கும் இருக்க முடியாது.

கடைசியில், அவரை அறியாமலே வாயிலிருந்து ஒன்று வந்தது.

"என்னங்க..."

அது அவளுடைய சொல். அதற்கு எந்த ஆட்சேபணையும் எழவில்லை. பதிலும் வரவில்லை. தீர்மானம் காத்திருந்தார். அவள் 'என்னங்க' என்றபோதெல்லாம் தான் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. அங்கேயும் மீட்டிங் நடந்துகொண்டிருந்தால் என்ன கதி என்று நினைத்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவளை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க," என்று விசித்து விசித்து அழுதார். "இனிமே அவ கூப்பிட்டா அந்த நிமிஷமே என்னன்னு கேக்கறேன். சத்தியமா."

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்தாள். காய்ந்த உதட்டைப் பிரித்து, "என்..." என்றாள். "சொல்லும்மா, சொல்லும்மா," என்று தீர்மானம் பாய்ந்து வந்தார். இது மயக்க மருந்தின் வேலையாகத்தான் இருக்கும் என்று அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகு குழு மறுபடி கூடியது. அறை பூட்டியிருந்தது, அவருடைய அனுபவம் இன்னும் குழுவின் ஒப்புதலைப் பெறவில்லை அல்லவா. ஆனால் அன்று தீர்மானம் பேசிய பேச்சை அந்த மேஜை அதுவரை கேட்டதில்லை.

"நாம இத்தனை நாளா தப்பாத் தேடியிருக்கோம்," என்றார். "பேரு என்னவா இருந்தா என்ன? 'என்னங்க'ன்னு கூப்பிட்டாக்கூடப் போதும். எவ்வளவு வேலை இருந்தாலும் போட்டுட்டு, கூப்பிட்டவுடனே திரும்பிப் பாக்கறார் பாருங்க, அவர்தான்..."

தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன் அடித்தது.

"என்னங்க," என்றாள் மனைவி. "தையல் போட்ட இடத்துல என்னமோ ஈரமா இருக்கு. கொஞ்சம் பயமா..."

"இரும்மா, இரு. அந்த 'என்னங்க'வைப் பத்திதான் இங்க பேசிக்கிட்டிருக்கோம்," என்று சொல்லிப் போனை வைத்தார் தீர்மானம். பிறகு குழுவைப் பார்த்து, "மன்னிக்கணும், எங்க விட்டேன்?" என்றார்.

"கூப்பிட்டவுடனே திரும்பிப் பாக்கறதுல விட்டீங்க சார்," என்றார் கணக்கு அதிகாரி.