குட்ரூனின் முழங்காலும் வெற்று மாத்திரையும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஆரம்பத்திலேயே பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் டாக்டர்களின் ஆராய்ச்சியைப் பற்றி எழுதினால், ஏதாவது மாத்திரை இடம் மாறிவிடும். அதைப் படித்துவிட்டு யாராவது விழுங்கியும் வைப்பார்கள். ஆகவே ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் மாத்திரை எதையும் தயவுசெய்து யாரும் விழுங்க வேண்டாம்.

டாக்டர் எப்பே டென்மார்க்கின் வடகரையில் ஒரு துறைமுக ஊரில் முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறவர். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, எதையும் படித்தால் சும்மா இருக்கமாட்டார். வாரத்துக்கு நாலு மருத்துவ இதழ்கள் வீட்டுக்கு வரும். காலையில் கம்பு ரொட்டியின்மேல் மீனை வைப்பதற்குள் ஒரு கட்டுரையை முடித்துவிடுவார். மெதுவாக மென்றால் நல்லது என்று ஒரு இதழ் சொன்ன வாரம், அவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடியும்போது இருட்டிவிட்டது.

அவர் மனைவி குட்ரூன் இதழ் எதுவும் படிக்கிறவள் இல்லை. அவளுக்கு முழங்கால் வலி. நவம்பர் மாதம் ஒருநாள் காப்பியை வைத்துவிட்டு அவள் பேச்சை எடுத்தாள்.

"ஜனவரியில ரெண்டு வாரம் டெனெரிஃப் தீவுக்குப் போகலாம். நல்ல வெயில் பட்டா முட்டி சரியாயிடும்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயில் அவருக்கு ஆகாது. அரை மணி நேரத்தில் வேகவைத்த இறால் மாதிரி ஆகிவிடுவார்.

"வெயிலுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஆதாரம் இருக்கா?"

"எங்க அக்கா இங்கருக்குச் சரியாச்சே."

"இங்கர் ஒரு ஆள். ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவளை நீ பார்த்ததில்லையா? அவ ரெண்டு ஆளுக்குச் சமம்."

"குட்ரூன், அதெல்லாம் மனசு பண்ற வேலை. வெயில் உன் முட்டிக்குள்ள போய் ஒண்ணுமே பண்ணாது. சுத்த வெத்து வைத்தியம்."

"ஒண்ணுமே பண்ணாதா?"

"ஒண்ணுமே."

குட்ரூன் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் வாய் மூடியது டாக்டருக்கே ஆச்சரியம். அதற்கு மறுவாரம்தான் அந்தக் கட்டுரை வந்தது.

வெற்று மாத்திரை என்று ஒன்று உண்டு. உள்ளே மருந்தே இருக்காது, வெறும் மாவு. முன்பெல்லாம் நிஜ மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயாளிக்குத் தெரியாமல் அதைக் கொடுப்பார்கள். இப்போது சில ஆராய்ச்சிக்காரர்கள் நோயாளியிடம் உண்மையைச் சொல்லியே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். "இது மாவு. மருந்து கிடையாது. விழுங்குங்கள்" என்று. விழுங்கியவர்களில் சிலருக்கு வலி குறைந்ததாம்!

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். டெனெரிஃபும் ஒழிந்தது, ஜனவரியில் தன் வீட்டில் நடக்கவேண்டிய கூட்டத்துக்கு விஷயமும் கிடைத்தது. அந்த வட்டாரத்து டாக்டர்கள் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வீட்டுக்காரர் புதிதாகப் படித்ததை எடுத்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் குடைந்து குடைந்து கேட்பார்கள். ஒருவராலும் குறை கண்டுபிடிக்க முடியாவிட்டால், சொன்னவர் அதைத் தன் வைத்தியத்தில் செய்து காட்ட வேண்டும். அது அவர்கள் ஏற்பாடு. போன தடவை டாக்டர் பிரேபன் குடலில் வாழும் கிருமிகளைப் பற்றி வண்ணப் படத்தோடு பேசிக் கைத்தட்டு வாங்கியிருந்தார். அந்தச் சத்தம் எப்பேயின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு புட்டியைக் கொண்டுவந்து மனைவி முன்னால் வைத்தார்.

"இதுல என்ன?"

"உருளைக்கிழங்கு மாவு. மருந்து ஒண்ணும் இல்லை. காலையில ஒண்ணு போட்டுக்கோ, முட்டி வலி குறையும்."

"தினம் உருளைக்கிழங்குதானே திங்கறோம்? அதுல ஏன் குறையலை?"

"அதை நீ மாத்திரைன்னு நினைச்சுத் திங்கலை."

"அந்தக் கட்டுரையைக் குடு, பார்ப்போம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"டாக்டர் பக்கத்துல உட்கார்ந்து, அன்பா, அவசரப்படாம நோயாளி சொல்றதைக் கேட்கணும்னு போட்டிருக்கே?"

"ஆமா… அதுவும் ஒரு பாகம்."

"அப்ப நாளைக்குக் காலையிலேருந்து காப்பி நீ போட்டுடு, டாக்டரே."

அடுத்த நாளிலிருந்து டாக்டர் காப்பி போட்டார். கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். முதல் இரண்டு நிமிஷம் முழங்காலைப் பற்றி. மிச்ச நேரம் இங்கரைப் பற்றி, கசங்கிய திரைச்சீலை பற்றி, அவர் கழற்றிப் போடும் காலுறை பற்றி. கல்யாணமாகி இவ்வளவு வருஷத்தில் அவர் இப்படி வாய் திறக்காமல் இருந்ததில்லை. எழுந்து போகவும் வழியில்லை. ஆராய்ச்சி!

மூன்றாம் வாரம் கேட்டார்.

"முட்டி எப்படி?"

"அற்புதம்! நேத்து ஏணி ஏறிப் பரணைத் துடைச்சேன்."

"நிஜமாவா!"

"கிறிஸ்துமஸ் மரத்தைச் சுத்தி ஆடறப்ப பாரு."

பார்த்தார். எல்லாரும் கைகோத்து மரத்தைச் சுற்றியபோது அவள் ஒரு பாட்டையும் விடவில்லை. மூச்சு வாங்கி முதலில் உட்கார்ந்தது டாக்டர்தான். உட்கார்ந்த இடத்திலேயே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். டெனெரிஃபைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை.

ஜனவரிக் கூட்டத்துக்கு மற்ற பதினொரு டாக்டர்களும் வந்துவிட்டார்கள். மொறுமொறுவென்று வறுத்த பன்றிக்கறி, வெள்ளைக் குழம்பு, உருளைக்கிழங்கு. பரிமாற ஒத்தாசைக்கு அடுத்த வீட்டிலிருந்து நானும் போயிருந்தேன். தட்டுகள் காலியானதும் எப்பே எழுந்து நின்றார். அன்று அவர் பேசியது பேச்சு! ஒரு வெற்று மாத்திரையைவிட இரண்டு நல்லதாம். மாத்திரையைவிட ஊசி மேலாம். மலிவு என்று சொல்லிக் கொடுத்தால் பலன் குறைகிறதாம், விலை கூடியது என்று கொடுத்தால் ஏறுகிறதாம். அங்கங்கே அப்படிக் கண்டிருக்கிறார்கள் என்றார். கடைசியில் குட்ரூனைக் கூப்பிட்டார். அவள் நடு அறையில் உட்கார்ந்து எழுந்தாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை! எல்லாரும் கைதட்டினார்கள். பிரேபன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்" என்றாள் குட்ரூன். "நான் டாக்டர் இல்லை. தப்பாக் கேட்டா சிரிக்காதீங்க. வெத்து வைத்தியம்னா மாத்திரையாத்தான் இருக்கணுமா?"

"அப்படியெல்லாம் இல்லைம்மா" என்றார் டாக்டர் போடில், அந்தக் கூட்டத்திலேயே மூத்த பெண்மணி. "எதுவா வேணும்னாலும் இருக்கலாம்."

"விலை கூட இருந்தா நல்லது?"

"உங்க வீட்டுக்காரர் இப்பத்தானே சொன்னார்."

"ஏற்பாடும் பெருசா இருந்தா? பெட்டி கட்டி, விமானம் ஏறி, ரெண்டு வாரம்?"

"ஏற்பாடு பெருசாக ஆகப் பலனும் கூடலாம்" என்றார் பிரேபன்.

"வெத்துன்னு நோயாளிகிட்ட ஒளிக்காம முதல்லயே சொல்லிடணும். இல்லையா? எனக்குச் சொல்லியாச்சு. டெனெரிஃப் வெயில் முட்டிக்குள்ள ஒண்ணுமே பண்ணாது, சுத்த வெத்து வைத்தியம்னு நவம்பர்லயே எப்பே சொல்லிட்டார்."

அறையில் ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது. அது எப்பேயினுடையது.

"இரு, இரு. வெயில் வந்து… அது அப்படி முழுசா வெத்துன்னு சொல்ல முடியாது."

"அப்ப வெயில்ல மருந்து இருக்கா?"

டாக்டர் வாயைத் திறந்தார். இருக்கிறது என்றால் போக வேண்டும். இல்லை என்றாலும் போக வேண்டும். குனிந்து முள்கரண்டியை எடுத்தார்.

"இதுல யாருக்காவது குறை தெரியுதா?" என்று போடில் அம்மாள் சுற்றிலும் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. எப்பே இதைச் செய்து காட்டியே ஆகவேண்டும் என்று பதினொரு கைகளும் தூக்கியாயிற்று.

மறுநாள் காலை டாக்டர் மனதைத் தேற்றிக்கொண்டு அலமாரியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறே?"

"வெயில் தொப்பி."

"உனக்கு எதுக்கு? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் இங்கே இருக்க வேண்டாமா? அதே வீடு, அதே சாப்பாடு, வெயில் மட்டும் கிடையாது. இல்லாட்டி அது என்ன ஆராய்ச்சி?"

"அப்ப நீ தனியாவா போறே?"

"இங்கர் வர்றா."

"இங்கரா! அவ எதுக்கு?"

"ஒரு ஆளை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நீதானே சொன்னே?"

வாசலில் முழங்கால் அளவு பனி கொட்டிக் கிடந்தது. அதைத் தள்ளப் போய் டாக்டருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கிளம்புகிற நாள் குட்ரூன் அந்த மாவுப் புட்டியை அவர் கையில் வைத்தாள். "ரெண்டு ரெண்டா போட்டுக்கோ. ரெண்டு நல்லதாமே" என்று கன்னத்தைத் தட்டினாள்.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று, பெட்டியின் அடியில் நீச்சல் உடைக்குக் கீழே இரண்டு அட்டை மாத்திரையை ஒளித்து வைத்தாள். நவம்பரிலிருந்து தினம் காலையில், கணவர் கோப்பை கழுவப் போன பிறகு அவள் விழுங்கிவந்த நிஜமான வலி மாத்திரைகள். எழுதிக் கொடுத்தவர் டாக்டர் பிரேபன்.