செவலைப் பசுவும் ஒரு சுவிட்சும்

என் கல்யாணம் ஒரு பசுமாட்டால் நின்றுபோகப் பார்த்தது. அந்த மாட்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. மாட்டை அதுவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கம்ப்யூட்டர் சேவை மையம் வைத்திருக்கிறேன். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல், பரீட்சை விண்ணப்பம் என்று எது கேட்டாலும் செய்து தருவேன். (ஊரில் அதற்கு 'ஜெராக்ஸ் கடை' என்றுதான் பெயர். போர்டில் ஆறு வரி எழுதி வைத்து என்ன பயன்.) கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று பழசு. கைரேகை வைக்கும் மெஷின் அதில் மட்டும்தான் வேலை செய்யும் என்பதால் அதைக் கைவிட முடியவில்லை. இன்னொன்று புதுசு. அதில் பிரிண்டரும், கடை நம்பருக்கான வாட்ஸ்அப்பும்.

பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. திடீரென்று அசையாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் நாம் அடிப்பது எதுவும் திரையில் வராது. ஆனால் பத்து நிமிஷம் கழித்து அதற்கு நினைவு திரும்பியதும், அடித்ததெல்லாம் மொத்தமாக வந்து விழும். அதனால் அது நின்றுபோனாலும் நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பேன். இப்படிப் பொறுமையாக இருப்பதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு நாள் இரண்டு மானிட்டர்களில் ஒன்று செத்துப்போனது. இன்னொன்று வாங்குவதற்குப் பதிலாக கேவிஎம் சுவிட்ச் என்ற ஒன்றை ஆன்லைனில் பார்த்து ஆர்டர் போட்டேன். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. இரண்டு கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்துவிட்டால், ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் போதும். மேலே இருக்கும் பட்டனை அழுத்தினால் முதல் கம்ப்யூட்டர், மறுபடி அழுத்தினால் இரண்டாவது. வீட்டில் இதை நான் விளக்கியபோது எங்கள் நைனா கேட்ட ஒரே கேள்வி, "அப்போ நீ ஒண்ணப் பாக்கும்போது இன்னொண்ணு இன்னா பண்ணும்?"

"அது பாட்டுக்கு ஓடிக்கினு இருக்கும் நைனா. நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"தெரியாம ஓடுறது நல்லதாடா?" என்றார். விவசாயிக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு வரன் வந்தது. பெண்ணின் பெயர் நித்யா. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போட்டோவைப் பார்த்த அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். (அவள் பக்கத்து முடிவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.) ஜாதகம் பொருந்தியது. நைனா பெண்ணின் அப்பா கோதண்டத்திடம், "எங்களுக்குச் சீர்செனத்தி ஒண்ணும் வேணாங்க. பொண்ணக் குடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்த வாரம் முழுக்கப் பார்ப்பவர்களிடமெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை, கோதண்டம் கேட்டிருந்தபடி என் பயோடேட்டாவைக் கடை வாட்ஸ்அப்பிலிருந்து அனுப்பினேன். 'கிடைச்சது தம்பி. சந்தோஷம்' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நாலு தடவை படித்துவிட்டு, அதை அப்படியே திறந்து வைத்தபடி மானிட்டர் ஒயரைப் பிடுங்கிப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். வாசலில் அஞ்சலை அக்கா வந்து நின்றதுதான் காரணம்.

அஞ்சலை அக்காவுக்கு அனந்தபுரம் பக்கம் ஒரு கிராமம். தன் மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட விண்ணப்பம் வேண்டும் என்றது. படிவத்தைத் திறந்து, அக்காவின் பெயர், ஊர் வரை அடித்து முடித்தேன். அப்போது கூரியர் வந்தது. கேவிஎம் சுவிட்ச்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அக்காவை அனுப்பிவிட்டுப் பிரித்திருக்கலாம். ஆனால் எனக்குக் கை நிற்கவில்லை. "ரெண்டே நிமிஷங்க்கா, இப்போ பாருங்க வேலை எப்படிப் பறக்கும்னு" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு ஒயர். ஒன்று படத்துக்கு, இன்னொன்று கீபோர்டு, மவுஸுக்கு. ஆக மொத்தம் நாலு ஒயர். நாலும் கறுப்பு, நாலும் ஒரே நீளம். மேஜைக்கு அடியில் இருட்டு, ஒட்டடை, எப்போதோ தொலைந்த ஒரு செருப்பு. எந்த ஒயர் எதிலிருந்து வருகிறது என்று பின்பற்றிப் பார்க்கச் சொல்லி ஒரு தாள் கூடவே வந்திருந்தது. அதை வைத்து அக்கா விசிறிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பார்த்தால், திரையில் பழைய கம்ப்யூட்டரின் படிவம் பளிச்சென்று தெரிகிறது. சுவிட்சில் ஒன்றாம் நம்பர் விளக்கு எரிகிறது. வெற்றி. "சொல்லுங்கக்கா, மாட்டு பேரு?"

"லட்சுமி."

அடித்து எண்டர் தட்டினேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

"தூங்குதுக்கா. பத்து நிமிஷத்துல எழுந்துரும். நீங்க சொல்லிகினே இருங்க."

அக்கா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக அடித்து எண்டர் தட்டினேன். பசு. ஜெர்சி கலப்பு. நிறம் செவலை. பல் நாலு. ஈத்து ரெண்டு (அதாவது ரெண்டு கன்று போட்டது). பால் காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு. இடது கொம்பு நுனி ஒடிந்தது. வால் குஞ்சம் வெள்ளை. சாது, உதைக்காது. (கடைசி விவரத்தை யாரும் கேட்கவில்லை. அக்காவே பாசத்தில் சொன்னது.)

பத்து நிமிஷம் ஆயிற்று. திரையில் ஒரு எழுத்துகூட இல்லை.

"வரலியே தம்பி" என்றது அக்கா.

"மறுபடி அடிச்சிர்றேன்க்கா" என்று இன்னொரு தடவை, லட்சுமியிலிருந்து உதைக்காது வரைக்கும், அழுத்தி அடித்தேன். அப்போதும் வரவில்லை. அக்கா மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பியது. நான் சும்மா இருக்காமல், கீபோர்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க, மனதில் பட்டதை எல்லாம் அடித்துப் பார்த்தேன். 'வருதா' என்று அடித்தேன். 'வருமா வராதா' என்று அடித்தேன். 'இன்னும் எவ்ளோ நேரம்' என்று அடித்தேன்.

பிறகு பழைய கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கீபோர்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து போய் புது கீபோர்டு வாங்கி வந்து செருகினேன். அதுவும் கெட்டிருந்தது. (அப்படித்தான் நினைத்தேன்.) அந்த மூன்று மணி நேரத்தில் நான் செய்யாத ஒரே காரியம், சுவிட்சின் பட்டனை அழுத்துவதுதான். இரண்டாவது கம்ப்யூட்டர் காலையில் நன்றாகத்தானே இருந்தது, அதை ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று விட்டுவிட்டேன். கடை போனை வழக்கம்போல் சத்தத்தைக் குறைத்து டிராயரில் போட்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அஞ்சலை அக்கா திரும்பி வந்தது. முகம் சரியில்லை.

"ஏன் தம்பி, எங்க மாட்டப் பத்தி யாருகிட்ட சொன்ன?"

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

"எங்க ஊட்டுக்காரரு போன் பண்ணாரு. ஒருத்தரு தரகரக் கூட்டிகினு வந்து நிக்கிறாராம். செவலை, நாலு பல்லு, ரெண்டு ஈத்து, ஒடிஞ்ச கொம்பு, வெள்ளை வாலு, எல்லாம் புட்டுப் புட்டு வெக்கிறாராம். பேரு லட்சுமின்னுகூட சொல்றாராம். அந்தத் தரகருக்கு ஒடிஞ்ச கொம்புன்ன உடனே எங்க ஊடுதான் நெனப்பு வந்துச்சாம்."

"யாருக்கா அது?"

"மண்டகப்பட்டுப் பக்கமாம். கோதண்டம்னு பேராம். பொண்ணுக்குச் சீரு குடுக்கணுமாம். மாப்ள ஊட்ல இந்த மாடுதான் வேணும்னு ரெண்டு தபா சொல்லி அனுப்ச்சாங்களாம். இப்டி அடையாளம் சொல்லிக் கேக்குறவன் எவன் தம்பி? வெக்கங்கெட்டவன்."

என் கை தானாகப் போய் அந்தப் பட்டனை அழுத்தியது. சுவிட்ச் 'பீப்' என்றது.

திரையில் கோதண்டத்தின் வாட்ஸ்அப். 'கிடைச்சது தம்பி. சந்தோஷம்' என்பதற்குக் கீழே, பச்சை நிறத்தில், வரிசையாக என் செய்திகள். லட்சுமி. பசு. ஜெர்சி கலப்பு. நிறம் செவலை. நான் படிவத்தைப் பார்த்து அடித்த ஒவ்வொரு எழுத்தும், தட்டிய ஒவ்வொரு எண்டரும், ஒயர் மாறி இங்கே வந்து விழுந்திருந்தது. முதல் சுற்றுக்குப் பிறகு அவர் கேட்டிருந்தார்: 'தம்பி, மாடா?' அதற்குப் பதில்போல மறுபடியும் லட்சுமியிலிருந்து உதைக்காது வரை. 'வீட்ல கலந்துகிட்டு சொல்றேன் தம்பி' என்கிறார். நான், 'வருதா.' 'கொஞ்சம் டைம் குடுங்க தம்பி' என்கிறார். நான், 'வருமா வராதா.' நான், 'இன்னும் எவ்ளோ நேரம்.'

கடைசியாக அவர் எழுதியிருந்தது: 'இப்பவே கெளம்புறேன் தம்பி.'

நைனாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "மாடு கேட்டியா?" என்றார்.

"நான் கேக்கல நைனா. சுவிட்ச்..."

"எம் பேச்சு போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதுவரை எனக்கு வெட்கம்தான் இருந்தது. அவர் குரலைக் கேட்டதும் மறுபடி மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

சுவிட்சை நாலு ஒயரோடு பிடுங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன். நைனாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ரோட்டில் கிளம்பினேன். மண்டகப்பட்டு நெருங்கும்போது அவர், "அங்க நீ ஒண்ணும் பேசாத" என்றார்.

கோதண்டம் வீட்டில் எங்களை மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். கண்ணில் மட்டும் கலக்கம். நாங்கள் தண்ணீர் குடிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "கோச்சிக்காதீங்க. அந்தச் செவலைய கண்டுபுடிச்சிட்டேன். ஆனா அவங்க விக்கமாட்டேங்குறாங்க. கறுப்பு ஒண்ணு இருக்குது, அதுவும் நல்ல மாடுதான். ஆனா கொம்பு ரெண்டும் முழுசா இருக்குது."

நைனா எழுந்து நின்று கையைக் கூப்பிவிட்டார். "ஐயா, நாங்க மாடு கேக்கல. இவன் ஒயர மாத்தி சொருகிட்டான்."

அது அங்கே யாருக்கும் புரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "மாடுதான் வேணும்னா அந்த மாட்டையே கட்டிக்கச் சொல்லுங்கப்பா." அதுதான் நித்யாவின் குரலை நான் முதன்முதலில் கேட்டது.

பேசாதே என்று நைனா சொன்னதை மீறி, பையிலிருந்து சுவிட்சை எடுத்துத் தரையில் வைத்தேன். "இதுங்க. இதனாலதான்."

நித்யா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். கோபம் குறையவில்லை, ஆனால் பெட்டியை அடையாளம் தெரிந்துவிட்டது. "கேவிஎம்மா?" என்று கேட்டுக்கொண்டே கீழே உட்கார்ந்தாள். "மானிட்டர் ஒயர எதுல சொருகுனீங்க?"

"ஒண்ணுல."

"கீபோர்டு ஒயரு?"

"அதுவும் ஒண்ணுலதான்னு நெனச்சேன்."

"திரைல எழுத்து வரலல்ல? அப்போவே ஒயரப் பாக்கவேணாமா?"

"தூங்குதுன்னு நெனச்சேன்."

"அதுக்காக எல்லாத்தையும் ரெண்டாவது தபா அடிச்சீங்களா?"

"ஆமா."

"'வருமா வராதா'ன்னு கேட்டது?"

"அது கம்ப்யூட்டரக் கேட்டதுங்க."

அவள் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். போச்சு என்று நினைத்தேன். பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. ஒருத்தி சிரித்தது போய், அவளோடு அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டது கேட்டது. கோதண்டம் இன்னும் முழுதாகப் புரியாமல் எங்கள் நைனாவைப் பார்த்து, "அப்போ மாடு வேணாங்களா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். "நல்ல மாடுங்க அது. பாத்ததும் எனக்கே புடிச்சிருச்சு."

நைனாவுக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை பெண் பார்க்கும் சடங்கு முறைப்படி நடந்தது. அதற்கு முன்பே, வியாழக்கிழமை, நித்யா கடை வாட்ஸ்அப்புக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். நாலு ஒயரையும் ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு ஜோடிக்குச் சிவப்பு, இன்னொன்றுக்கு நீலம் என்று நெயில் பாலிஷ் தடவச் சொல்லி. தடவினேன். அஞ்சலை அக்காவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன், கல்யாணத்துக்கும் கூப்பிட்டேன். "ஓ, அந்த வெக்கங்கெட்டவன் நீதானா" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டது.

என் மாமனார் மட்டும் அந்தச் சம்பவத்தை விடவில்லை. யாரைப் பற்றிச் சொன்னாலும் இப்போது வாட்ஸ்அப்பில் வரி வரியாகத்தான் அனுப்புவார். போன வருஷம் நித்யாவுக்குப் பிரசவம் விழுப்புரத்தில். நான் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது போன் தொடர்ந்து அடித்தது. மாமனார்.

'பொண்ணு.'

'மூணு கிலோ.'

'நிறம் அம்மா மாதிரி.'

'பல்லு இன்னும் போடல.'

'கொம்பு இல்ல.'

'உதைக்குது.'

நான் படியேறி ஓடினேன். கட்டிலில் நித்யா வலியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிந்துவிடும், சிரிக்காதே என்று நர்ஸ் அதட்டிக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு கையில் பேத்தியும் இன்னொரு கையில் போனுமாக என்னைப் பார்த்து, "எல்லாம் சரியாப் போய்ச் சேந்துச்சா மாப்ள?" என்றார்.