கேட்காமலே கிடைக்காது என்பவர்

ஊருக்கு ஊர் ஒருவர் இருக்கிறார். அவரை நாம் தகுதி பார்ப்பவர் என்று அழைப்போம். எங்கே எது இலவசமாகத் தருகிறார்கள் என்றாலும், அது உங்களுக்குக் கிடைக்காது என்பதை உங்களுக்கு முன்பே அறிந்து வைத்திருப்பார். தருகிறவரை அவருக்குத் தெரியாது. அதனால் என்ன?

நான் சொல்லப்போகிறவர் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர், அதாவது ஆபீஸின் தலைமை எழுத்தர், தனேஸ்வரன். பிறந்தது யாழ்ப்பாணம், இருபத்தாறு வருடமாக இங்கே உத்தியோகம், நல்ல மனிதர், ஒரு சதம் கையூட்டு வாங்கியதில்லை. மூக்குக்கண்ணாடி முகாம், வீட்டுத்திட்டம், தண்ணீர்த்தாங்கி என எந்த அறிவித்தல் வந்தாலும், தலைப்பை விட்டுவிட்டு அடியில் பொடியெழுத்தில் உள்ள நிபந்தனைகளை முதலில் வாசித்து, வந்தவரிடம் நாலு கேள்வி கேட்டு, அதில் ஒன்றுக்காவது “இல்லைங்க” என்ற பதில் வந்ததும் முகம் மலர்ந்து, “அப்ப கிடைக்காது” என்று பேனாவை மூடிவைப்பார். தோட்டத்து வழக்கமும் அவருக்கு வசதி. பிறப்புப் பதிவோ பள்ளிக்கூட அனுமதியோ, எதற்கும் ஆபீஸில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய்ப் பழகிய சனம், எதற்கும் முதலில் கிளாக்கர் ஐயாவைத்தான் கேட்கும்.

கலாராணியும் அப்படித்தான் போனாள். கொழுந்து பறிக்கிறவள். புருஷன் அஜந்தன் கட்டாரில். அவன் விமானம் ஏறிய பிறகு பிறந்த மகள் இப்போது எழுந்து நிற்கிறாள், இன்னும் கொஞ்ச நாளில் நடந்துவிடுவாள். அந்த நேரம் பார்த்துக் கைபேசியின் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. வீடியோ கோல் எடுத்தால் அஜந்தனுக்குக் குழந்தையின் சத்தம் மட்டும்தான், படம் கும்மிருட்டு. அந்த வகைக் கைபேசிகள் சிலவற்றில் கேமரா பழுதாக வந்துவிட்டதென்றும், கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவதாகவும் கம்பெனி அறிவித்திருந்தது.

“பில் இருக்கோ?” என்றார் தனேஸ்வரன்.

“இல்லைங்க ஐயா. அவரு வாங்கினது.”

“அப்ப போனும் உங்கட பேரில இல்லை. விலாசம்?”

“லயத்து வீட்டுக்கு ஏதுங்க விலாசம்? காயிதமெல்லாம் ஆபீஸுக்குத்தானே வருது.”

“மூலையில கீறலும் கிடக்கு. கிடைக்காது பிள்ளை. வீணா பஸ் ஏறி அலையாதேங்கோ.”

அக்கறையோடுதான் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இவர் அந்தக் கோயிலுக்குப் பூசாரிகூட இல்லை.

கலாராணி கைபேசியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். மூன்று வாரம் ஓடியது. பிறகு குழந்தைக்கு ஊசி போடப் பதுளைக்குப் போனவள், பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்துக்கு எதிரிலேயே அந்தக் கம்பெனியின் திருத்துமிடத்தைக் கண்டாள். மழையும் பிடித்துக்கொண்டது. ஒதுங்கத்தான் உள்ளே போனாள்.

மேசையில் இருந்த றின்ஸா என்ற பெண் கைபேசியை வாங்கி, அதற்குள் இருந்த இலக்கத்தைக் கணினியில் தட்டிப் பார்த்தாள்.

“உங்கட போன் லிஸ்ட்ல இருக்கு. ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க? நாளையோட முடியுது.”

“பில் இல்லீங்களே. கீறல் வேற இருக்கு.”

“லென்ஸ் கண்ணாடி உடையாம இருந்தா போதும். பில் யாரு கேட்டா?”

“எங்க கிளாக்கர் ஐயா கேட்டாருங்க.”

“அவரு எங்கட கம்பெனியா?”

கலாராணிக்குச் சிரிப்பும் வந்தது, மூன்று வாரத்தை நினைத்து ஆத்திரமும் வந்தது. அன்று மாலையே கேமரா கண்ணைத் திறந்தது. நாலாம் நாள் மகள் சுவரை விட்டுவிட்டு ஆறு அடி நடந்து, தொப்பென்று உட்கார்ந்தாள். கட்டாரில் அஜந்தன் வேலைத் தலைக்கவசத்தோடு அதைப் பார்த்தான். பார்த்து அழுதான்.

செய்தியைச் சொல்ல அவள் ஆபீஸுக்குப் போனபோது தனேஸ்வரன் பேனாவை மூடிவைத்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறந்து தன் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே வகை. கேமராவைத் திறந்தார். கும்மிருட்டு. போன தீபாவளியிலிருந்தே இப்படித்தானாம்.

“பில் துலைஞ்சு போச்சு. அதால நான் போகேல்ல.”

“இப்ப திகதி முடிஞ்சிருச்சுங்களே ஐயா. இருந்தாலும் ஒரு தடவ போயிக் கேட்டுப் பாருங்களேன்.”

“கேட்டு என்னத்துக்கு? தரமாட்டினம்” என்று லாச்சியை மூடினார்.

பாவம், பிறருக்கு விதித்ததைத் தனக்கும் விதித்துக்கொண்ட நேர்மையாளர். சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் றின்ஸா கைபேசியை வாங்கிப் பார்த்த இடத்தில், “பில்லும் இல்லை, விலாசமும் இல்லை, இவளுக்கு எங்கே கிடைக்கப்போகிறது” என்று உங்கள் மனம் ஒரு கணம் முணுமுணுத்ததே, அது யாருடைய குரல்?