பாகற்காயில் கை நனைத்த மாப்பிள்ளை

சர்க்கரை வியாதிக்காரரைத் திருத்தியே தீருவேன் என்று கிளம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். நானே ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவள்தான்.

எழுபதுகளின் கடைசி. சிம்மக்கல் பக்கம் ஒரு சந்தில் நானும் அப்பாவும் மட்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன அன்று, இவரும் போய்விட்டால் நமக்கு யார் என்று உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த கையோடு அரிசி, கிழங்கு, வெல்லம் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு விரட்டினேன். ஆனால் அப்பா ஆசைப்பட்டது எதையும் நிறுத்தவில்லை. எலுமிச்சைச் சோறு கேட்டால் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, மஞ்சள் போட்டு எலுமிச்சை பிழிவேன். உருளைக்கிழங்கு வறுவல் கேட்டால் அதே மசாலாவில் பாகற்காய். எள்ளுருண்டையில் வெல்லம் கிடையாது. (வெல்லம் இல்லாமல் அது உருண்டையாக நிற்காதாம். யாருக்குத் தெரியும்? எள்ளுப்பொடி என்று பேர் வைத்துவிட்டேன்.)

"இதுக்கு அந்த வியாதியே தேவலைம்மா" என்பார் அப்பா. தின்றும் விடுவார்.

இந்த லட்சணத்தில் எழுமலையிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். பிடித்திருந்தால் மறுபடி வந்து இலையில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி, அப்புறம் பேச்சு மாறக் கூடாது. எனக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது. (இந்த வயசில் என்ன வெட்கம்!)

கை நனைக்க வருவதாகத் தகவல் வந்ததும் அப்பா ஆசையாகக் கேட்டார்: "ஒரு நாளைக்கு அரிசி வாங்கிட்டு வாரேனே?"

"வேணாம். சோத்தப் பாத்தா உங்க கை சும்மா இருக்காது" என்றேன். எல்லாருக்கும் ஒரே சமையல்: முட்டைக்கோஸ் சோறு, பாகற்காய் வறுவல், எள்ளுப்பொடி. விருந்தாயிற்றே என்று கூடுதலாக அகத்திக்கீரை வேறு வதக்கினேன்.

மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் மூவரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். பரிமாறினேன். அந்த அம்மாள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தா, யாருக்காக இந்தச் சமையல்?"

இந்தக் கேள்விக்குத்தானே காத்திருந்தேன்! "எல்லாம் எங்க அப்பாவுக்காகத்தான் அத்தை!" என்றேன் பெருமையாக.

"அடியாத்தி! மனுசன் குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறாரு. அவருக்கா திதி குடுக்குற?"

அகத்திக்கீரை, பாகற்காய், எள்ளு. மூன்றும் திதி இலைக்கு உரியவை, நல்ல காரியத்தில் சேர்க்கவே மாட்டார்களாம். எனக்கு இதையெல்லாம் சொல்லித்தர வீட்டில் யார் இருந்தார்கள்? அம்மாவின் திதியைக்கூட அப்பா கோயிலோடு முடித்துவிடுவார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போச்சு, என் கல்யாணம் போச்சு!

"எந்திரிங்க, போவோம்" என்றார் அந்த அம்மாள். தாய்மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தே விட்டார். மாப்பிள்ளை மட்டும் அசையவில்லை.

"எந்திரிடா!"

"எப்படிம்மா எந்திரிக்க?" வாயிலிருந்ததை விழுங்கினார். "நான்தான் கை நனைச்சிட்டேனே."

பாகற்காயில் பாதி காலி! (என் அழகில் மயங்கித்தான் என்று நினைத்திருந்தேன். பஸ்ஸில் வந்த பசி என்று பிற்பாடு அவரே சொன்னார், பாவி மனுஷன்.)

முதலில் சிரித்தது அப்பாதான். "உசுரோட இருக்கையிலேயே தன் திதிச் சோத்தத் தின்னவன் நான் ஒருத்தன்தான் சம்பந்தி. அதுலயும் சோத்தக் காணோம் பாருங்க!" தாய்மாமனும் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே இலையில் கை வைத்தார்.

பேரப்பிள்ளைகளிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்தபடி அப்பா நெடுநாள் இருந்தார். என் மாமியார் மட்டும் பொங்கல், தீபாவளி என்றால் என்னை அடுப்படிப் பக்கமே விடமாட்டார். ஆனால் எழுமலையில் எந்தப் பங்காளி வீட்டில் திதி வந்தாலும், "அவளக் கூப்பிடுங்க, அவ கைராசி அப்படி" என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிடுவார். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் நீயேதான் சமைக்கணும்த்தா. பாகக்காயில மட்டும் ரெண்டு கட்டி வெல்லம் போட்டுரு. எனக்கென்ன, சக்கரையா இருக்கு?"

வருஷா வருஷம் போடுகிறேன், கொஞ்சம் தாராளமாகவே.