நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துத் திருநீறு

"இத என்னன்னு கேக்க மாட்டீகளா மேடம்?" என்று பாண்டியராஜன் புத்தகத்தை மேஜைமேல் விரித்துப் போட்டதும், நூலகர் ஜெபமணிக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முழுக்கத் திருநீறு.

"கண்ணாடிக்குள்ள இருந்து கை நீளுற எடம்! உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுப் படிக்க வேண்டிய எடம்! அங்கன போயி எவனோ பயந்தாங்கொள்ளி திருநீற அள்ளிக் கொட்டியிருக்கான். போலீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன் நான். ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அவர் மீசையை முறுக்கினார். பின்னால் ஒயர் கூடையோடு நின்ற அவர் மனைவி அய்யம்மாள், "மெதுவாப் பேசுங்க, நாலு பேரு படிக்கிறாக" என்றார்.

குச்சனூரில், சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தச் சின்ன நூலகம். அட்டையில் பாழடைந்த பங்களாவும், ஒற்றை ஜன்னலில் மெழுகுவர்த்தியும் போட்ட அந்தப் பேய்க்கதைத் தொகுப்புக்குத்தான் அங்கே எப்போதும் கிராக்கி. அச்சில் இல்லாத புத்தகம். இருப்பது இந்த ஒரே பிரதி. உலகத்துப் பேய்ப்படமெல்லாம் கைப்போனிலேயே ஓடினாலும், திராட்சைத் தோட்டத்து ஆட்களும் பஸ் கண்டக்டரும் "பங்களா புஸ்தகம் வந்துருச்சா?" என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். பாண்டியராஜனோ அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். படித்த கதைதான், தெரிந்த பேய்தான். ஆனாலும் விடமாட்டார்.

ஜெபமணி ராயப்பன்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மாதா கோயில் காலைப் பூசைக்குப் போகாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டாள். அடுத்தவர்கள் நெற்றியில் வைத்துக் கும்பிடுகிற பொருளைக் குப்பைத் தொட்டியில் தட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பக்கத்தை மெல்ல உதறி, திருநீற்றை ஒரு டப்பா மூடியில் சேர்த்து, ஜன்னல் ஓரம் பத்திரமாக வைத்தாள்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கூட்டிப் பெருக்க வந்த அன்னத்தாய் மூடியைப் பார்த்தாள். "இதென்ன தாயி, நீங்க போயித் திருநீறு வச்சிருக்கீக?"

"அந்தப் புஸ்தகத்துல இருந்து கொட்டுச்சு அன்னத்தாயி."

உண்மையைத்தான் சொன்னாள். அன்னத்தாய் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி நூலகத்துப் பக்கம் திரும்பியது. போதாத குறைக்கு ஜன்னலில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது.

"சாமியோட வாகனமே வந்துருச்சு பாரு!" என்றார் ஒரு வெளியூர்க்காரர்.

"அது தெனமும் வர்ற காக்காதான் அண்ணே. என் டிபன்பாக்ஸுக்கு வருது" என்றாள் ஜெபமணி.

யாரும் காதில் வாங்கவில்லை.

புத்தகத்தை ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டதில் அட்டை கழன்றுவிடும் போலிருந்தது. அவள் அதைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பூட்டியதும் அது சன்னிதி மாதிரியே ஆகிவிட்டது. யாரோ அலமாரிக் கைப்பிடியில் மாலை போட்டார்கள். 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டினாள். எல்லோரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று பானையில் தண்ணீர் வைத்தாள். அதைத் தீர்த்தம் என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"இதுக்கெல்லாம் விசாரணைன்னு ஒண்ணு இருக்கு மேடம்" என்று முன்வந்தார் பாண்டியராஜன். "புஸ்தகத்த எங்கிட்டக் குடுங்க. எங்க வீட்டுப் பீரோவுல வச்சுப் பூட்டுறேன். காலையில திருநீறு இல்லேன்னா, வெளியாளு வேலைன்னு முடிவாயிரும். கூட்டமும் கலஞ்சிரும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அய்யம்மாள் புத்தகத்தைத் தன் கூடையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

மறுநாள் காலை பாண்டியராஜன் வந்தபோது மீசை இரண்டு பக்கமும் தொங்கிப் போயிருந்தது.

"பூட்டுனது நான். சாவி என் தலகாணிக்கு அடியில. தெறந்து பாத்தா..." என்று புத்தகத்தை நீட்டினார்.

இந்த முறை கல்லறைக் கதை. சவப்பெட்டி மூடி தானாக நகருகிற பக்கத்தில், முன்னைவிட இரண்டு மடங்கு திருநீறு.

பீரோவுக்குள் பூட்டி வைத்த புத்தகத்திலும் கொட்டியது என்ற செய்தி சின்னமனூர் வரைக்கும் போய்விட்டது. நூலகத்துக்குள்ளேயே எள் விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். ஜெபமணி ஒரு விளக்கை ஊதி அணைப்பதற்குள் பக்கத்தில் இன்னொன்று எரிந்தது. சுற்றிலும் காகிதம். மாதாவை வேண்டிக்கொண்டே பக்கெட்டில் தண்ணீரோடு நடந்தாள்.

அந்த நேரம் பார்த்து மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஷெரின் வந்து இறங்கினாள். சின்ன வயதுதான், ஆனால் கண்டிப்பு. மாலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பக்கெட்டைப் பார்த்தாள்.

"என்ன மேடம் இது? லைப்ரரியா, கோயிலா?"

ஜெபமணி ஒன்றுவிடாமல் சொன்னாள். ஷெரின் பங்களா புத்தகத்தைப் புரட்டினாள். எண்ணெய்க் கறை, குங்குமம், திருநீறு.

"இத நான் எடுத்துட்டுப் போயிக் கழிவுப் புத்தகங்களோட சேத்துடுறேன்."

"வேண்டாம் மேடம். இது ஒண்ணுதான் இருக்கு. இதப் படிக்கிறதுக்குன்னே வர்றவுக இருக்காக."

"அற்புதம்னு நம்பிட்டா இந்தக் கூட்டம் குறையாது. ஒரு நாள் தீப்பிடிக்கும். யாரோ ஆள் போட்டதுன்னு தெரிஞ்சா, சொல்லிப் புரிய வச்சு அனுப்பிடலாம். புத்தகமும் இங்கயே இருக்கட்டும். யார் போட்டது?"

ஜெபமணிக்குத் தெரியவில்லை. 'நான்தான் போட்டேன்' என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பொய் சொல்லலாமா என்று கழுத்துச் சிலுவையைப் பிடித்தபடி தவித்தாள். ஷெரின் புத்தகத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அவுகள ஒண்ணும் சொல்லாதீக தாயி."

அய்யம்மாள். அலமாரி மறைவிலிருந்து ஒயர் கூடையோடு வந்தார். கூடைக்குள் கையை விட்டு, மடித்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாந்தேன் போட்டேன். அன்னிக்குப் பீரோச் சாவிய எடுத்ததும் நாந்தேன். ஊரு இப்படித் தெரளும்னு நெனைக்கல. வாசல்ல நிக்கிறவுகட்ட நானே சொல்லி அனுப்புறேன். புஸ்தகத்த மட்டும் கொண்டு போயிராதீக."

ஷெரின் ஜிப்பைத் திறந்து, புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஜெபமணி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஏம்மா, உங்களுக்குப் பேய்க்கதைன்னா அவ்வளவு பயமா?" என்று கேட்டாள் ஷெரின்.

வெளியே வாசலில் பாண்டியராஜன் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "ஏலே, லைன்ல வாங்கடா! பேயாவது பிசாசாவது, எவன்டா பயந்தவன்?"

அய்யம்மாள் அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கென்ன பயம் தாயி? படிக்காதீகன்னாலும் கேக்க மாட்டேங்கிறாக, படிச்சுட்டா பட்டப்பகல்ல கொல்லப்பக்கம் போகக்கூட நான்ல தொணைக்கு நிக்க வேண்டியிருக்கு!"