கடல் கடந்த மஞ்சள் பொட்டு

கூச்சக்காரி செய்கிற தப்பு சத்தமே இல்லாமல் நடக்கும். யாரையும் கேட்காமல் செய்வாள், செய்த பிறகும் வாய் திறக்கமாட்டாள். அதனாலேயே அது ஊர் தாண்டி வளர்ந்துவிடும். (நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. என் தப்பு அமெரிக்காவுக்கே போய்விட்டது.)

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் மத்தியானம் டி.வி. ஓடும்போது நான் பஞ்சுத் திரி திரித்துக்கொண்டிருப்பேன். கை தன்பாட்டுக்கு ஓடும், மனசு எங்கேயோ மிதக்கும். அந்தத் திரியை வெளிநாட்டில் விற்கப்போகிறேன் என்று பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள் மருமகள் வித்யா.

"சரக்கு முதல்லயே அங்க கிடங்குக்குப் போயிரும் அத்தை. யாராச்சும் போன்ல வாங்கினா, கிடங்குக்காரங்களே எடுத்து அனுப்பிருவாங்க."

"வாங்குறவங்க யாருன்னே தெரியாமயா?"

"ஆமா. கார்த்திகைக்குள்ள வித்துட்டா இதையே செய்யலாம். இல்லேன்னா அந்த ஸ்கூலுக்கேதான் திரும்பிப் போகணும்." சொல்லும்போதே அவள் முகம் வாடிப்போனது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவு. மாப்பிள்ளை யாரென்று தெரியாமலே புறப்படுகிற பெண்கள் மாதிரி என் திரிகள் வரிசையாக விமானம் ஏறும். எங்கேயோ பனி கொட்டும். ஜன்னலுக்கு உள்ளே ஒரு சின்ன விளக்கில் என் திரி எரியும்.

வித்யா ஸ்டிக்கர் ஒட்டிவைத்த பாக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுகிற வேலையும் எனக்கு. வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம் அது. புதுத்துணி என்றாலும் கல்யாணப் பத்திரிகை என்றாலும் ஓரத்தில் மஞ்சள் தடவாமல் விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இத்தனை தூரம் போகிறதுகளை வெறுமனே அனுப்பலாமா? மஞ்சளும் குங்குமமும் குழைத்தேன். பாக்கெட்டின் பிளாஸ்டிக் உறை வழுவழுவென்று இருந்தது, பொட்டு வழுக்கிக்கொண்டு போனது. கறுப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் மட்டும்தான் காகிதம். அதன் நட்டநடுவில் வைத்தேன். அழகாக ஒட்டிக்கொண்டது. எல்லாப் பாக்கெட்டுக்கும் வைத்து, பெட்டியை மூடி, வந்த கூரியர்காரரிடம் கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

கார்த்திகை நெருங்கும்போது கிடங்கிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஸ்டிக்கரை அவர்கள் மெஷினால் படிக்க முடியவில்லையாம். அதனால் எது என்ன சரக்கு என்றே தெரியாமல் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டார்களாம்.

"மை கொட்டியிருக்கு அத்தை! ஸ்டிக்கர் அடிச்ச பிரிண்டிங் கடைக்காரரை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன். வாங்க நீங்களும், ஏறுங்க!"

போட்டோவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி, காவேரிப் பாலத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கீழே தண்ணீர் வெள்ளியாய் மினுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பாலம் முடிந்துவிட்டது. சிந்தாமணியில் வாயைத் திறந்தேன். பஸ் ஹாரன் அடித்தது, மூடிக்கொண்டேன். தில்லை நகர் வந்தேவிட்டது.

கடை பாய் நிதானமானவர். வித்யா பொரிந்து தள்ளியதை எல்லாம் கேட்டுவிட்டுப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்க மெஷின்ல கறுப்பு மட்டும்தாம்மா வரும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நான் எங்க போவேன்?" இன்னும் பெரிதாக்கினார். "இது மை இல்லீங்க. யாரோ பொட்டுல்ல வெச்சிருக்காங்க!"

வித்யா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கடையில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களும் பார்த்தார்கள். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எல்லாத்துக்குமா அத்தை?"

"ஒண்ணைக்கூட விடலைம்மா."

(இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.)

கூலி வாங்கிக்கொண்டு கிடங்குக்காரர்களே பொட்டுக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதற்குள் கார்த்திகை போய்விட்டது. அன்று வீடு முழுக்க விளக்கு எரிந்தது. வித்யா பழைய பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். தை பிறந்ததும் வரச் சொன்னார்கள்.

மார்கழியில் திரி ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தது. ஒருநாள் வித்யா ஓடிவந்து ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். யாரோ ஒரு அம்மா, பனி கொட்டுகிற ஊர்க்காரர், எழுதியிருந்தார். முதல் பாக்கெட்டில் ஸ்டிக்கர் உரிந்து, அடியில் பொட்டு இருந்ததாம். எடுத்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டாராம். 'இரண்டாவது பாக்கெட்டிலும் உரித்துப் பார்த்தேன், கலைந்துபோயிருக்கிறது. இனி வாங்குவதில் முழுப் பொட்டாகக் கிடைக்குமா?'

தை பிறந்தது. வித்யா பள்ளிக்கூடம் போகவில்லை. பாய் கடைக்குப் போய், கோடு போட்ட ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்ட, வெறும் வட்டம் போட்ட சின்னக் காகித ஸ்டிக்கர் அடித்து வந்தாள். அது எனக்கான இடம்.

இன்றைக்கும் ரேஷன் கடை மெஷின் என் விரலைப் படிக்காவிட்டால், பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயரான என் வீட்டுக்காரர் வரிசையில் நின்றபடியே, "அமெரிக்காவையே நிறுத்தின விரலுங்க அது, பாத்து!" என்பார். பாய் மட்டும் ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கர் கட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொல்வார்:

"வட்டத்துக்குள்ளயே வைங்கம்மா."